952 வர வேண்டிய இடத்தில் 720: இண்டீன் ஏற்றிய ஃபுல்லரீனுக்கு மாஸ் ஸ்பெக்

நிழல்மதி:

எல்லோருக்கும் வணக்கம். வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு, மூன்றாம் வருடம். ஒரு மாஸ் ஸ்பெக் (மூலக்கூறை அயனியாக்கி அதன் நிறையைப் பார்க்கிற கருவி) ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை.

செய்தது இதுதான். சி60யோடு (60 கார்பன் பந்து மாதிரிக் கூண்டாகச் சேர்ந்த ஃபுல்லரீன், நிறை 720) இண்டீன் என்ற சின்ன மூலக்கூறைச் (நிறை 116) சேர்த்து, டிரைகுளோரோபென்சீன் கரைப்பானில் 180 டிகிரியில் ராத்திரி முழுக்க வைத்தேன். சூரிய மின்கலத்துக்காக. இரண்டு இண்டீன் ஏறியதுதான் எனக்குத் தேவை, ஐசிபிஏ என்பார்களே அது, நிறை 952. காலையில் வந்து பார்த்தால் ஊதா நிறம் போய், கரைசல் டிகாக்‌ஷன் மாதிரி இருந்தது. டிஎல்சியில் (கலவையைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் தட்டு) மூன்று புள்ளி. மேலே சி60, அதற்குக் கீழே ஒன்று, இன்னும் கீழே ஒன்று. கடைசிப் புள்ளியைச் சிலிக்காவில் பிரித்து 40 மி.கி. எடுத்தேன். என்எம்ஆரில் (ஹைட்ரஜன்கள் எந்தச் சூழலில் இருக்கின்றன என்று காட்டும் சோதனை) 7க்கு மேல் பென்சீன் வளைய ஹைட்ரஜன்கள் இருக்கின்றன. ஆனால் ஐசோமர் (ஒரே அணுக்கள், வேறு அமைப்பு) கலவை என்பதால் எல்லாம் மேடு மேடாக இருக்கிறது, அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

மாஸுக்கு இரண்டு இடத்துக்கு அனுப்பினேன். ஒரு இடத்தில் எலக்ட்ரோஸ்பிரே, அதாவது கரைசலைத் தெளித்து அயனியாக்குகிற முறை. "எதிர்பார்த்த அயனி இல்லை" என்று ஒரு வரி, கூடவே 391.28ல் பனைமர உயரத்துக்கு ஒரு பீக். இன்னொரு இடத்தில் மால்டி (மாட்ரிக்ஸ் என்ற துணைப்பொருளோடு கலந்து லேசர் அடித்து அயனியாக்குவது), பாசிட்டிவ் மோட், டிஹெச்பி மாட்ரிக்ஸ். அதில் 720 முழு உயரம், 836 இடுப்பளவு, 952.13ல் புல் மாதிரி ஏதோ ஒன்று. நான் எழுதிக் கொடுத்த எடை 952.99. ரிப்போர்ட்டில் "பொருந்தவில்லை, வினைபுரியாத மூலப்பொருள்" என்று போட்டுவிட்டார்கள். எம்+எச் (மூலக்கூறோடு ஒரு புரோட்டான் ஏறியது) 953.13 என்றும் தேடியிருக்கிறார்கள், அதுவும் இல்லையாம்.

கைடு பார்த்துவிட்டு "வினை நடக்கவில்லை, திரும்பச் செய்" என்கிறார். சி60 நாங்கள் குருணைக் கணக்கில் வாங்குகிற பொருள். திரும்பச் செய்யத்தான் வேண்டுமா? என் புள்ளி எங்கே போனது? இண்டீன் கழன்றுவிட்டது என்றால் 116ஆவது தெரிய வேண்டாமா?

சோடாமூடி:

மற்றதற்குப் பெரியவர்கள் வருவார்கள். 391.28க்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். அது உங்கள் பொருளே இல்லை. பிளாஸ்டிக்கை நெகிழவைக்கச் சேர்க்கும் தாலேட். சாம்பிளை எதில் போட்டு அனுப்பினீர்கள்?

நிழல்மதி:

டாலுயீனில் கரைத்து சின்ன பிளாஸ்டிக் குப்பியில். மூடியைச் சுற்றி பாராஃபிலிம்.

சோடாமூடி:

டாலுயீனுக்குப் பாராஃபிலிம் என்றால் வெயிலுக்கு ஐஸ் குச்சி. கரைத்து உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். அடுத்த முறை கண்ணாடிக் குப்பி, டெஃப்லான் வைத்த மூடி. இன்னும் நல்லது, டாலுயீனை ஆவியாக்கிவிட்டுப் பொடியாகவே அனுப்புவது.

கருவியறை:

நான் 22 வருடம் மாஸ் ஸ்பெக் அறையில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிற அந்த "வினைபுரியாத மூலப்பொருள்" என்ற வார்த்தையை நானும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 952.99ஐ அடித்துவிடுங்கள். அது சராசரி எடை, தராசில் நிறுக்கிறவனுக்கு வேண்டியது. கருவி ஒவ்வொரு ஐசோடோப்பையும் தனித்தனியாகப் பார்க்கிறது. அதற்குக் கொடுக்க வேண்டியது எல்லாக் கார்பனும் கார்பன்-12 ஆக இருக்கும்போது வரும் துல்லிய நிறை. 78 கார்பன், தலைக்குச் சரியாக 12, மொத்தம் 936. 16 ஹைட்ரஜனுக்கு 16.125. கூட்டினால் 952.125. உங்களுக்கு வந்தது 952.13. இதைப் பொருந்தவில்லை என்று எழுதியவர் தட்டச்சு செய்த எண்ணை மட்டும் பார்த்திருக்கிறார். எடையைச் சராசரியில் எழுதிக் கொடுத்தது உங்கள் தப்பு, அதைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டது அவர் தப்பு.

அடுத்தது 953.13. புரோட்டான் ஏறி உட்கார ஒரு நைட்ரஜனோ எதுவோ வேண்டும். உங்கள் மூலக்கூறில் கார்பனையும் ஹைட்ரஜனையும் தவிர ஒன்றும் கிடையாது. அது ஒரு எலக்ட்ரானை இழந்து 952 ஆக வரும், அல்லது ஒரு எலக்ட்ரானை வாங்கி நெகட்டிவ் மோடில் 952 ஆக வரும். மருந்துக் கம்பெனி சாம்பிள்களாகப் பார்த்துப் பழகிய கைக்கு எம்+எச் தேடுவது அனிச்சையாகிவிடும்.

இப்போது 720. நீங்கள் செய்தது டீல்ஸ்-ஆல்டர் வினை. சூட்டில் இண்டீன் தன் ஹைட்ரஜனை இடம் மாற்றி ஐசோஇண்டீனாகி, அந்த உருவத்தில்தான் கூண்டின் இரட்டைப் பிணைப்பில் போய்ப் பிடித்துக்கொள்கிறது. இந்த வினைக்குத் திரும்பிப் போகவும் வழி தெரியும். லேசர் அடி பலமாக விழுந்தால் வந்த வழியே கழன்றுவிடும். 952ல் ஒன்று கழன்றால் 836, இரண்டும் கழன்றால் 720. உங்கள் மூன்று பீக்கும் 116.06 இடைவெளியில் படிக்கட்டு மாதிரி நிற்கிறதா என்று அளந்து பாருங்கள்.

116 ஏன் தெரியவில்லை என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. பிரியும்போது மின்னூட்டம் யாரிடம் தங்கும்? எலக்ட்ரானை எளிதாக விட்டுக்கொடுக்கிறவரிடம். இண்டீனிடமிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க 8.1 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், சி60க்கு 7.6 போதும். எனவே கூண்டு மின்னூட்டத்தோடு போகும், இண்டீன் வெறுங்கையோடு போகும். வெறுங்கையோடு போவதைக் கருவி பார்க்காது. அப்படியே ஒன்றிரண்டு வந்திருந்தாலும் 116 என்பது மாட்ரிக்ஸ் குப்பை குவிகிற பகுதி.

என் கதைக்கு வருகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையன் ஆந்த்ரசீன் ஏற்றிய சி60 கொண்டுவந்தான். 898 வர வேண்டும். மாட்ரிக்ஸ் இல்லாமலே லேசர் அடித்தேன், ஏனென்றால் ஃபுல்லரீன்தான் 337 நானோமீட்டரைத் தானே உறிஞ்சிக்கொள்ளுமே, மாட்ரிக்ஸ் எதற்கு என்ற கெட்டிக்காரத்தனம். 720 கூரையைத் தொட்டது. ரிப்போர்ட்டில் அந்த வார்த்தையை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பையன் மூன்று மாதம் திரும்பத் திரும்பச் செய்தான். நான்காம் முறை வந்தபோது லேசர் ஏதோ கோளாறில் பாதி பலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு 898 வந்தது! அவன் முதல் நாள் கொண்டுவந்த சாம்பிளின் மிச்சத்தை வாங்கிப் போட்டுப் பார்த்தேன், அதிலும் 898. அவனிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஆந்த்ரசீன் கழல்வதில் பேர்போனது என்று பிறகுதான் படித்தேன். 1996லேயே இன்ஸ்புரூக்கில் கிராய்ட்லர் குழு, ஒரு ஆந்த்ரசீன் ஏற்றிய சி60 பொடியை 180 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்கி, ஒரு மூலக்கூறு கழற்றிக்கொடுக்க, இன்னொன்று எதிர்முனையில் அதை வாங்கிக்கொள்ள, சி60யும் இரட்டை ஏற்றமும் பாதிப் பாதியாக வருவதைக் காட்டியிருக்கிறார்கள். அடுப்பிலேயே அப்படி ஆடுகிற பொருளை நான் லேசரால் குத்திக்கொண்டிருந்தேன்.

ஆகவே, ம்மா, திரும்பச் செய்வதற்கு முன் இருக்கிற 40 மி.கி.யில் ஒரு மிளகளவு எடுத்துக்கொண்டு கருவி அறைக்கு நேரில் போங்கள். கூரியர் வேண்டாம். பக்கத்தில் நின்று லேசரைக் குறைத்துக்கொண்டே வரச் சொல்லுங்கள், பீக் மறைகிற எல்லை வரை. குறைக்கக் குறைக்க 720 சரிந்து 952 எழுந்தால் 720 லேசர் பெற்ற பிள்ளை. 720ம் 952ம் ஒரே விகிதத்தில் சேர்ந்தே சுருங்கினால் குப்பியிலேயே சி60 இருக்கிறது என்று சந்தேகப்படலாம். 720க்குக் கீழே 696, 672, 648 என்று 24, 24 ஆக இறங்குகிறதா என்றும் பாருங்கள். கூண்டே இரண்டிரண்டு கார்பனாக உதிர்கிறது என்று அர்த்தம். அந்த அளவு அடியில் இண்டீன் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

இன்னொரு தந்திரம் உண்டு. ரிஃப்ளெக்ட்ரானில் (அயனியைத் திருப்பி அனுப்பும் மின்புலக் கண்ணாடி) ஒரு முறை, லீனியரில் (நேர்க்குழாய்) ஒரு முறை ஓட்டச் சொல்லுங்கள். முடுக்கம் முடிந்து பறக்கும் வழியில் உடைந்த துண்டு, தாயின் வேகத்திலேயே போகும். நேர்க்குழாயில் அது தாயோடு சேர்ந்தே போய் விழுவதால் 952 என்றே பதிவாகும். ரிஃப்ளெக்ட்ரானில் அதனிடம் ஆற்றல் குறைவு, கொஞ்ச தூரம் போய்ச் சீக்கிரம் திரும்பிவிடும். அதனால் தன் நிறைக்கும் தாயின் நிறைக்கும் நடுவே எங்கோ அகலமான மேடாக விழும். அந்த மேட்டைப் பார்த்து "மாசு" என்று எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நெகட்டிவ் மோடை மறக்காதீர்கள். ஃபுல்லரீனுக்கு எலக்ட்ரான் என்றால் உயிர், கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளும். டிஹெச்பி அமில மாட்ரிக்ஸ், புரதத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. இதற்கு டிசிடிபி என்ற மாட்ரிக்ஸைக் கேளுங்கள்.

எலக்ட்ரோஸ்பிரேயைப் பற்றி ஒரு வரிதான். அந்த முறைக்குக் கரைசலிலேயே மின்னூட்டம் வேண்டும், பெரும்பாலும் மெத்தனால் வேண்டும். சி60 டாலுயீனில் மி.லி.க்கு 2.8 மி.கி. கரையும், மெத்தனாலில் அடியில் போய் உட்கார்ந்துவிடும். உங்கள் பொருளும் அதே ஜாதிதான். அவர்கள் உறிஞ்சியது மேலே தெளிந்து நின்ற மெத்தனாலையும் உங்கள் பிளாஸ்டிக்கிலிருந்து கரைந்து வந்ததையும்.

வெண்பாக்கம்:

நான் இப்போது ஜெர்மனியில் போஸ்ட்டாக், ஃபுல்லரீன்தான் சோறு போடுகிறது. கருவியறை சார் சொன்னதில் பெரும்பகுதிக்குக் கைதட்டல். ஒரு இடத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து.

லேசரைக் குறைத்தும் 720 மிஞ்சினால் "குப்பியில் சி60 இருக்கிறது" என்பது சரி. ஆனால் எவ்வளவு என்று பீக் உயரத்தை வைத்து யாரும் சொல்லிவிடக் கூடாது. நெகட்டிவ் மோடில் எலக்ட்ரானுக்குப் போட்டி நடக்கிறது. சி60யின் எலக்ட்ரான் நாட்டம் 2.68 எலக்ட்ரான் வோல்ட். இண்டீன் ஒன்று ஏறினால் குறையும், இரண்டு ஏறினால் இன்னும் குறையும். அந்தக் குறைவுக்காகத்தானே நிழல்மதி இதைச் செய்கிறார்! 2010ல் பெய்ஜிங்கில் லி யோங்ஃபாங் குழு இந்தப் பொருளை அறிமுகப்படுத்தியபோது, எலக்ட்ரான் ஏறும் மட்டம் வழக்கமான பிசிபிஎம் ஃபுல்லரீனைவிட 0.17 எலக்ட்ரான் வோல்ட் உயர்ந்திருக்கிறது, அதனால் மின்கலத்தின் வோல்டேஜ் கூடுகிறது, பி3ஹெச்டி என்ற பாலிமரோடு திறன் 3.88லிருந்து 5.44 சதவீதமாகிறது என்றுதான் காட்டினார்கள். மின்கலத்தில் வரமாக இருக்கிற அதே குணம் மாஸ் ஸ்பெக்கில் எதிரியாகிவிடுகிறது. துளி சி60 இருந்தாலும் பக்கத்தில் இருப்பவர்களிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொண்டு பெரிதாகத் தெரியும்.

அதனால் தூய்மைக்கு எச்பிஎல்சி, அதாவது கலவையைத் தூண் வழியாக ஓட்டிப் பிரிக்கும் முறை. ஃபுல்லரீனுக்கென்று பைரீன் ஒட்டிய தூண்கள் கிடைக்கின்றன, ஓட விடுவது டாலுயீன். இரண்டு இண்டீன் ஏறியது ஒரே பீக்காக வராது, பல பீக் கூட்டமாக வரும், பயப்படாதீர்கள். கூண்டில் ஒன்று ஏறியபின் இரண்டாவது உட்கார எட்டு வகை இடம் இருக்கிறது, இண்டீன் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்கிறது என்பதையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும். அத்தனைக்கும் நிறை 952.125தான். மாஸ் ஸ்பெக்கிடம் எது எந்த ஐசோமர் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்கும்.

டிசிடிபி கைப்பக்குவம்: ஃபுல்லரீன் வழிப்பொருள்களுக்கு ஏற்ற மாட்ரிக்ஸ் இது. எலக்ட்ரானைக் கைமாற்றி அயனியாக்கும், புரோட்டான் வேலையே இல்லை. குறைந்த லேசரிலேயே அயனி வந்துவிடுவதால் உடைவு குறைகிறது. மி.லி.க்கு 10 மி.கி. டிசிடிபி டாலுயீனில், உங்கள் பொருள் அதைவிட மிகமிக நீர்த்ததாக. கலந்து அரை மைக்ரோலிட்டர் மட்டும் தட்டில் வையுங்கள். டாலுயீன் நீர் மாதிரி முத்தாக நிற்காது, பரவிப் பக்கத்துக் குழிக்குப் போய்விடும். ஒருமுறை என் பக்கத்துக் குழிக்காரருடைய பாலிமரை நான் புதிய ஃபுல்லரீன் என்று நினைத்து அரை நாள் கொண்டாடியிருக்கிறேன்.

இன்னொன்று. பிற்பாடு அமீன் தொங்குகிற ஃபுல்லரீன் செய்தால் டிசிடிபி அந்த அமீனோடு தானே வினைபுரியும், அப்போது வேறு மாட்ரிக்ஸ் தேட வேண்டும். உங்கள் இண்டீனுக்கு அந்தத் தொல்லை இல்லை. மால்டி கிடைக்காவிட்டால் ஏபிபிஐ (ஒளியால் அயனியாக்கும் முறை) இருக்கிற இடம் தேடுங்கள். அதில் விளக்கொளி முதலில் டாலுயீனை அயனியாக்கி, டாலுயீன் உங்கள் மூலக்கூறுக்கு மின்னூட்டத்தைக் கடத்தும். கரைப்பானே தரகர்.

கருவியறை:

உயரத்தை வைத்து அளவு சொல்லக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நெகட்டிவில் அந்தப் போட்டியை நான் யோசிக்கவில்லை.

வயதான ஆள், ஒரு பழங்கதை சொல்லிக்கொள்கிறேன். இந்த 720ஐ உலகம் முதலில் பார்த்ததே பறக்கும் நேரக் கருவியில்தான், அதாவது அயனி பறந்து வரும் நேரத்தை வைத்து நிறை சொல்லும் மாஸ் ஸ்பெக். 1984ல் எக்ஸான் ஆய்வகத்தில் ரோல்ஃபிங், காக்ஸ், கால்டோர் மூவரும் கிராஃபைட்டை லேசரால் ஆவியாக்கி, 40க்கு மேல் இரட்டைப்படைக் கார்பன் கொத்துகள் மட்டுமே வருவதைப் பதிவு செய்தார்கள். 60 அவர்கள் படத்திலும் இருக்கிறது, பக்கத்தவற்றைவிடக் கொஞ்சம் உயரமாக. அது கூண்டு என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அடுத்த வருடம் ரைஸ் பல்கலைக்கழகத்தில் குரோட்டோ, கர்ல், ஸ்மாலி குழு அதே மாதிரிக் கருவியில் ஹீலிய அழுத்தத்தையும் நேரத்தையும் மாற்றி மாற்றி ஓட்டி, 60 மட்டும் ஏன் இப்படித் துருத்துகிறது என்று உட்கார்ந்து யோசித்தார்கள். 1996ல் நோபல். குமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்களுக்குத்தான் அது கிடைத்தது என்று நான் சொல்லுவேன், என் தொழில் பற்று அப்படி.

நிழல்மதி:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கருவி நேரம் கிடைக்க அவ்வளவு ஆனது.

நேரில் போனேன். டிசிடிபி அங்கே ஒரு குப்பியில் யாரோ வைத்துவிட்டுப் போனது இருந்தது. நெகட்டிவ் மோட், ரிஃப்ளெக்ட்ரான். ஆபரேட்டர் அண்ணா முதலில் வழக்கமான பலத்தில் அடித்தார், 720 மேலே. "கொஞ்சம் குறைக்க முடியுமா அண்ணா" என்று நான்கு முறை கேட்டேன். நான்காம் முறை அவர் முகம் மாறியது, ஆனாலும் குறைத்தார். 952.12 முழு உயரத்துக்கு வந்தது! 836 கால்வாசி. 720 சின்னதாக இருக்கிறது, எவ்வளவு குறைத்தாலும் முழுதாகப் போகவில்லை. பழைய படத்தைத் திரும்பத் திறந்து பார்த்தால் அதில் 696ம் 672ம் இருக்கின்றன. இத்தனை நாள் நான் அந்தப் பக்கம் கண்ணையே கொண்டு போகவில்லை.

எச்பிஎல்சியில் கூட்டமான பீக்குகளுக்கு அப்பால் தனியாக ஒன்று வருகிறது, சி60 வரும் அதே நேரத்தில். மிகச் சின்னது. ஆக மிஞ்சிய 720ல் கொஞ்சம் நிஜம்தான். சிலிக்காவில் இன்னொரு முறை ஓட்டப் போகிறேன். கைடிடம் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். "லேசரை யார் குறைக்கச் சொன்னது?" என்று கேட்டார். இங்கே கேட்டேன் என்று சொல்லவில்லை.

புதுப் படத்தில் ஒரு சந்தேகம். 1068.19ல் ஒரு குட்டி பீக். மூன்று இண்டீன் ஏறியதா? அல்லது மாட்ரிக்ஸ் ஏதாவது ஒட்டிக்கொண்டதா?

கருவியறை:

டிசிடிபியின் நிறை 250.15. அது ஒட்டினால் சி60யோடு 970, ஒரு இண்டீனோடு 1086. 1068 அதில் சேராது. மூன்று இண்டீன் என்றால் 87 கார்பன், 24 ஹைட்ரஜன், கணக்கு 1068.188.

எண்ணை மட்டும் நம்பாதீர்கள், அதன் பக்கத்து வீடுகளைப் பாருங்கள். நூறு கார்பனில் ஒன்றுக்குச் சற்று மேல் கார்பன்-13 என்பதால், வெறும் சி60ல் 720 நூறு என்றால் 721 சுமார் 65, 722 சுமார் 21. உங்கள் 952க்குப் பக்கத்தில் 953 சுமார் 84ம் 954 சுமார் 35ம் இருக்க வேண்டும். 87 கார்பன் என்றால் 1069 கிட்டத்தட்ட 94, அதாவது 1068க்குத் தோளோடு தோள். பெரிதாக்கிப் பாருங்கள். அப்படி இருந்தால் மூன்றாவது இண்டீன்தான், உங்கள் அடுப்பு ராத்திரி கொஞ்சம் கூடுதலாக எரிந்திருக்கிறது.

நிழல்மதி:

அளந்தேன் சார். 92.

கருவியறை:

போதும். அடுத்த முறை இண்டீனைக் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள். ஆபரேட்டர் தம்பிக்கு ஒரு டீயும்.